ஹைபர்னேட்

ஜாவா நிரலின் ஆப்ஜெக்ட்களை உறவுநிலைத் தரவுத்தளத்தின் அட்டவணைகளில் சேமித்து மீட்டுத் தரும் திறமூல நூலகம். இவ்வகைக் கருவிகளை ஓ.ஆர்.எம். என்பர்.

ஐ.பி.எம்.மில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் உறவுநிலை மாதிரியை முன்வைத்தார். ஆப்ஜெக்ட் மொழிகள் பரவியபோது, அவற்றையும் அட்டவணைகளையும் இணைக்க டாப்லிங்க் முதலிய கருவிகள் 1990களில் தோன்றின. இவற்றுள் எது முன்னோடி என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

ஹைபர்னேட்டை 2001இல் கேவின் கிங் ஆஸ்திரேலியாவில் தொடங்கினார். அன்றைய ஜாவா உலகில் தரவைச் சேமிக்க எண்டிட்டி பீன் என்ற முறை இருந்தது. ஓர் அட்டவணைக்கே இரண்டு இன்டர்ஃபேஸ், ஒரு கிளாஸ், நீண்ட எக்ஸ்.எம்.எல். கோப்பு என எழுதித் தீராது. செர்வருக்கு வெளியே சோதிப்பதும் கடினம். கிங்கின் நூலகத்துக்குச் சாதாரண ஜாவா கிளாஸும் ஒரு மேப்பிங் கோப்புமே போதுமானவை. அதன் இதயம் செஷன். ஒரே செஷனில் ஒரு வரிசையை இருமுறை கேட்டாலும் அதே ஆப்ஜெக்ட்தான் கைக்கு வரும். எடுத்த பொருளின் விலையை 40இலிருந்து 45 ஆக்கிவிட்டு நிரலாளர் வேறெதுவும் எழுத வேண்டியதில்லை. எடுத்தபோது வைத்துக்கொண்ட நகலோடு செஷன் ஒப்பிட்டு, கமிட் ஆகும் தறுவாயில் அப்டேட் கட்டளையைத் தானே அனுப்பும். முதன்முறை இதை லாக்கில் காண்பவர் வியக்காமல் இருப்பது அரிது.

2003இல் ஜேபாஸ் நிறுவனம் இத்திட்டத்தை ஏற்றது. 2005இல் மூன்றாம் பதிப்பு வந்தது. 2006இல் ஜே.பி.ஏ. என்னும் பொதுத் தரம் உருவானபோது அதன் குழுவில் கிங்கும் இருந்தார். அத்தரம் பெரும்பாலும் ஹைபர்னேட்டின் வார்ப்பே என்பர் சிலர், டாப்லிங்க், ஜே.டி.ஓ. என்னும் முந்தைய ஜாவா தரம் ஆகியவற்றின் பங்கும் அதில் உண்டு என்பர் வேறு சிலர். அதே ஆண்டு ஜேபாஸை ரெட் ஹேட் வாங்கியது.

அவ்வாண்டிலேயே மென்பொருள் எழுத்தாளர் டெட் நியூவர்ட் ஓ.ஆர்.எம். முயற்சிகளை வியட்நாம் போருக்கு ஒப்பிட்டுக் கடுமையாக எழுதினார். நடைமுறையில் அதிகம் பேசப்பட்ட குறை 'என் பிளஸ் ஒன்': 100 ஆர்டர்களை ஒரே குவெரியில் எடுத்து, ஒவ்வொன்றின் வாடிக்கையாளர் பெயரையும் லூப்பில் கேட்டால், வாடிக்கையாளர்கள் வெவ்வேறானவர்களாயின் மொத்தம் 101 குவெரிகள் ஓடக்கூடும். ஐந்து வரிசைகள் கொண்ட சோதனைத் தரவில் இது கண்ணில் படாது. தொடர்புடைய வரிசைகளையும் அதே குவெரியில் சேர்த்தெடுக்கும் ஜாயின் ஃபெட்ச் இதற்கு மருந்து. பிழை கருவியுடையதா, பயன்படுத்துவோருடையதா என்ற வழக்கு தீரவில்லை.

டாட்நெட்டுக்கான வடிவம் என்ஹைபர்னேட். 2022இல் ஹைபர்னேட்டின் ஆறாம் பதிப்பு ஜாவாஎக்ஸ் பெயர்வெளியிலிருந்து ஜகார்த்தா பெயர்வெளிக்கு மாறியது.