ஓடும் ரத்தம் வரைந்த படம்

மூளைக்கு அடியில் தமனிகள் கைகோத்து ஒரு வளையமாக நிற்கின்றன. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664-ல் தம் நூலில் அதை விளக்கினார். கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் படம் வரைந்து கொடுத்தார். இறந்த உடலில் ஒரு பக்கத்துக் கழுத்துத் தமனிக்குள் மை நிறத் திரவத்தைச் செலுத்தியபோது மறுபக்கக் குழாய்களிலும் நிறம் ஏறியது. ஒரு வழி அடைபட்டாலும் இன்னொரு வழியில் ரத்தம் வரும் என்று அப்போதே புரிந்தது.

உயிரோடு இருப்பவரின் வளையத்தைப் பார்ப்பது எப்படி? 1927-ல் லிஸ்பனில் ஏகாஸ் மோனிஸ், கழுத்துத் தமனிக்குள் அயோடின் சேர்ந்த மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். குழாய்கள் தெரிந்தன. ஆனால் அதற்குத் தமனிக்குள் ஊசி இறங்க வேண்டியிருந்தது.

ஊசி வேண்டாத வழிக்கு விதை விழுந்த இடங்களில் ஒன்று பெங்களூர். இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன், காந்த முனைகளுக்கு நடுவே குழாயில் தண்ணீரை ஓடவிட்டு அணுக்கருக்கள் ரேடியோ அலைகளை வாங்கும் அணுக்காந்த ஒத்ததிர்வைச் சோதித்தார். 1951-ல் முடிவை வெளியிட்டார்: நின்ற நீரைவிட ஓடும் நீர் வலுவான சைகை தந்தது. நின்ற நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ரேடியோ அலைகளை வாங்கி வாங்கிச் சோர்ந்துவிடுகின்றன. ஓடும் நீரோ சோராத புது அணுக்களைக் கொண்டுவந்துகொண்டே இருக்கிறது.

1973-ல் பால் லாட்டர்பர் காந்த ஒத்ததிர்வைப் படமாக்கிக் காட்டினார். 1980-களில் அந்தப் படமெடுப்பு ரத்த ஓட்டத்தைத் தொட்டது. அசையாத மூளைத்திசு சோர்ந்து கறுக்க, இதயத்திலிருந்து புதிதாக வந்த ரத்தம் வெள்ளையாகப் பளிச்சிட்டது. எம்.ஆர். (காந்த ஒத்ததிர்வு) ஆஞ்சியோகிராம் பிறந்தது. மருந்தே செலுத்தாமல் தமனிகள் மட்டும் கொடிபோலத் தனித்துத் தெரிந்தன.

அப்படிப் பார்த்தபோது, புத்தகத்தில் உள்ள முழு வளையம் பலரிடம் இல்லை. சிலருக்கு இணைப்புக் குழாய் நூலாக மெலிந்திருந்தது. சிலருக்குப் பின்பெருமூளைத் தமனி, கருவில் இருந்ததுபோலவே கழுத்துத் தமனியிடமிருந்தே ரத்தம் வாங்கியது. இவை பெரும்பாலும் நோயல்ல, பிறவி அமைப்பு. ஆனாலும் கழுத்துத் தமனியில் கத்தி வைக்கும் முன், மாற்று வழி உண்டா என்று அறுவை மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஓட்டத்தால் பிறந்த படத்துக்கு ஓட்டமே எல்லையும் வகுக்கிறது. ரத்தம் மெதுவாக நகரும் மெல்லிய குழாய், சூர்யனின் நின்ற நீரைப்போல மங்கி மறையலாம். ‘இந்தத் தமனி இல்லை’ என்று எழுதும் முன் ரேடியாலஜிஸ்ட் இன்னொரு முறை பார்ப்பது அதனால்தான்.