கண்டி அரசவையில் ஒரு குலமகள்

கண்டி இராச்சியத்தின் வரலாறு மலைநாட்டோடு முடிந்துவிடுவதன்று. போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களுள் ஏறத்தாழ 4,000 பேரை 1626ஆம் ஆண்டில் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றியவன் கண்டி மன்னன் செனரத். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையினாற் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுக்கும்வரை, கீழைக்கரை மீது கண்டி மன்னர் உரிமை பாராட்டி வந்தனர். ஆகவே, அவ்வரண்மனையில் நிகழ்ந்தவை கல்முனைக் கரையில் வாழ்வோருக்கும் அயலார் கதையல்ல. அவற்றுள் ஒன்று எகெலப்பொல குமாரிஹாமியின் வரலாறு.

குமாரிஹாமி என்பது இயற்பெயரன்று. உயர்குடிப் பெண்டிரைச் சுட்டும் பட்டம். இவள் கெப்பெட்டிபொல திசாவையின் உடன்பிறந்தாள். முதல் அதிகாரம் பதவி வகித்த எகெலப்பொலவின் மனைவி. கண்டியில் ஒரு வழக்கம் இருந்தது. பிரதானி ஒருவன் வெளி மாகாணத்தை ஆளச் செல்லும்போது, அவன் மனைவி மக்கள் தலைநகரிலேயே தங்கவேண்டும். பிறர் கண்ணுக்கு அது அரசவையின் அருகிருக்கும் பெருமை. உண்மையில் அது பிணை. கணவனின் விசுவாசத்துக்கு மனைவியின் உயிரே ஈடு.

அப்போது அரியணையில் இருந்தவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1739ஆம் ஆண்டு முதல் ஆண்ட நாயக்க வம்சத்தின் நான்காம் மன்னன், இறுதி மன்னனும் அவனே. பிரதானிகளை அவன் நம்பவில்லை. அவர்களும் அவனை நம்பவில்லை. இந்தப் பிளவை ஆங்கில அதிகாரி ஜோன் டொயிலி இரகசியக் கடிதங்களால் வளர்த்து வந்தார். 1814இல் மன்னன் எகெலப்பொலவைத் தலைநகருக்கு அழைத்தான். அவன் வர மறுத்தான். சப்பிரகமுவையிற் கிளர்ச்சி மூண்டது. மன்னனின் படை அதனை அடக்கவே, எகெலப்பொல ஆங்கிலேயரின் கொழும்பிற் சரண் புகுந்தான். அவன் தப்பினான், பிணை தப்பவில்லை.

1814 மே 17ஆம் நாள் குமாரிஹாமியின் மக்கள் அவள் கண்ணெதிரே சிரச்சேதம் செய்யப்பட்டனர். மூத்த மகன் அஞ்சித் தயங்க, இளையவனான மத்துமபண்டார முன்வந்தான் என்பர். பின்னர் அவளும் போகம்பறை ஏரியில் அமிழ்த்திக் கொல்லப்பட்டாள். இரு நாட்கள் கண்டி நகரில் அடுப்பெரியவில்லை என்று ஜோன் டேவி என்னும் இராணுவ மருத்துவர் எழுதினார். அவர் இலங்கைக்கு வந்தது 1816இல். அவர் நூல் வெளிவந்தது 1821இல். அவர் கேட்டறிந்ததை எழுதினாரேயன்றிக் கண்டதை எழுதவில்லை. மன்னனைக் கொடுங்கோலனாகக் காட்டுவது ஆங்கிலேயருக்கு ஆதாயமாகவும் இருந்தது. எனினும், கொலை கற்பனையன்று.

பிணை வழக்கின் வலிமைக்கு மற்றொரு சான்றும் உண்டு. அடுத்து அதிகாரம் பதவி பெற்ற மொல்லிகொடையும் ஆங்கிலேயரை நாடினான். ஆனால் தன் குடும்பம் கண்டியினின்று தப்பிய பின்னரே அவர்கள் பக்கம் சேர்ந்தான். எகெலப்பொலவுக்கு அவ்வாறு காத்திருக்க நேரமில்லையா, மனமில்லையா என்ற வினாவை வரலாறு இன்னும் எழுப்புகின்றது.

1815 பெப்புருவரி 18இல் மன்னன் பிடிபட்டான்; மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மன்னன் வேலூர்ச் சிறையில் 1832இல் மாண்டான். அரியணையை எதிர்பார்த்த எகெலப்பொலவோ மொறிசியசுக்கு நாடுகடத்தப்பட்டு 1829இல் இறந்தான். அவள் உடன்பிறந்தான் கெப்பெட்டிபொல 1818 கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி, அதே ஆண்டு நவம்பர் 26இல் ஆங்கிலேயரால் தலை வெட்டப்பட்டான். தமக்கு நேர்ந்ததற்கு இம்மூவரும் ஒருவகையிற் காரணராயிருந்தனர். குமாரிஹாமியோ சதி செய்தவளல்லள், படை நடத்தியவளல்லள். அரசவையில் அவளுக்களித்த இடமே அவள் குற்றமாயிற்று.

ஒருவர் செயலுக்கு மற்றொருவரைத் தண்டிக்கும் அரசு அச்சத்தைப் பெறலாம், விசுவாசத்தைப் பெறாது. அவள் இறந்து பத்துத் திங்கள் நிறையுமுன்னரே கண்டி அரசும் வீழ்ந்தது.