கைநாட்டும் மனச் சம்மதமும்

கடன் வழக்குகளிலே பழமையானதும், நீதிபதிகளைப் பெரிதும் சோதிப்பதுமான மறுமொழி ஒன்று உண்டு. "கைநாட்டு என்னுடையதுதான், ஆனால் கடன் என்னுடையதன்று" என்பதே அது. முதன்முறை கேட்பவர்க்கு இது முன்னுக்குப்பின் முரணாகவே தோன்றும். எனினும், இவ்வாறு சொல்லுவோர் யார் என்று பார்த்தால், அம்முரண்பாட்டின் உள்ளே ஓர் உண்மை இருக்கக்கூடும் என்பது நமக்கு விளங்கும். கணவனை இழந்து தனித்திருக்கும் மூதாட்டி, எழுத்தறியாத உழவர், பார்வை மங்கிய முதியவர், வீட்டு வாயிலைத் தாண்டி அறியாத பெண்மணி ஆகியோரே பெரும்பாலும் இவ்வாறு முறையிடுகின்றனர். நம்பிக்கைக்குரிய ஒருவர் தாள்களை நீட்டினார், விரலை மையில் தோய்த்து வைக்கச் சொன்னார், வைத்தாயிற்று. குடியிருக்கும் வீடே ஈடாகிவிட்டது என்பது, ஏல அறிவிப்பு வாயிற்கதவில் ஒட்டப்படும் நாளிலேதான் தெரியவருகிறது.

மறுபக்கத்தையும் நாம் மறத்தலாகாது. கடன் கொடுத்தவர் பணத்தை எண்ணிக் கொடுத்திருக்கிறார். "அறியாமல் கையெழுத்திட்டேன்" என்ற ஒரு சொல்லினால் எந்தப் பத்திரமும் கிழிந்துபோகுமானால், வீட்டின்மீது கடன் கொடுக்க எவரும் முன்வரமாட்டார். அதனால் முதலில் இடருறுவோரும் எளியவர்களே. ஆகவே, பத்திரத்தில் பதிந்தது எவருடைய கை என்பதையும், அக்கையின் பின்னே மனமும் இருந்ததா என்பதையும் நீதிமன்றம் தனித்தனியே ஆராய வேண்டியதாகிறது. இவ்விரண்டு கேள்விகளும் நம் நாட்டில் எவ்வாறு எழுந்தன, எவ்வாறு வேறுபடுத்தி உணரப்பட்டன என்பதை ஈண்டு நோக்குவோம்.

முதற் கேள்விக்கு விடை தேடியவர்களுள் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி குறிப்பிடத்தக்கவர். அவர் 1858-ஆம் ஆண்டில் வங்காளத்து ஜங்கிபூரில் பணியாற்றியபொழுது, சாலை போடுவதற்கான சரளைக்கல் ஒப்பந்தம் ஒன்றில், ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையில் மை தடவிப் பதிவு எடுத்துக்கொண்டார். பின்னொரு நாளில் அவர் தம் கையொப்பத்தை மறுக்கத் துணியாதவாறு அச்சமூட்டுவதே அதன் நோக்கமாக இருந்தது. பின்னர், 1877-இல், கல்கத்தாவுக்கு அருகேயுள்ள ஹூக்ளியில் மாஜிஸ்டிரேட்டாக இருந்தபொழுது, பத்திரப் பதிவில் விரல் ரேகையை எடுக்கும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். குற்றவாளிகளைக் கண்டுபிடிக்கும் கருவி என்று இன்று நாம் கருதும் விரல் ரேகை, பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் அதை மறுக்கவொட்டாமல் தடுக்கும் கருவியாகவே நம் நாட்டில் புகுந்தது. ரேகை பொய் சொல்லாது, உண்மைதான். ஆயினும், பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை அந்த ரேகைக்கு உரியவர் அறிந்திருந்தாரா என்பதை அது சொல்லவும் சொல்லாது.

இக்குறைபாட்டின் விளைவைத் தக்காணப் பகுதி கண்கூடாகக் கண்டது. 1859-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கடன் பத்திரங்கள் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும் என்று வரையறுத்தது. வட்டி மேன்மேலும் ஏறாமல் தடுப்பதே அதன் கருத்து. நடந்ததோ வேறு. லேவாதேவிக்காரர் மூன்றாண்டுக்கு ஒருமுறை, கட்டாத வட்டியை அசலோடு சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதி வாங்கலாயினர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்திக்கு ஏறிய விலை, போர் முடிந்த பின் சரிந்தது, நிலவரியோ உயர்த்தப்பட்டது, கடன் கிடைப்பதும் அரிதாயிற்று. உழவர் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று அறியாமலே பத்திரத்தின்மேல் பத்திரமாகக் கைநாட்டு வைத்தனர்.

1875-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் பூனா ஜில்லாவிலுள்ள சூபே என்ற சந்தை ஊரில் அவர்களுடைய பொறுமை எல்லை கடந்தது. சுற்றுப்புற உழவர்கள் திரண்டு சென்று, லேவாதேவிக்காரரிடம் கணக்கேடுகளையும் கடன் பத்திரங்களையும் கேட்டுப் பறித்துத் தீயிட்டனர். தானியக் கடைகளும் கொள்ளைபோயின. கலவரம் ஆமத்நகர் ஜில்லாவுக்கும் பரவி, இரண்டு மாதங்களில் முப்பதுக்கு மேற்பட்ட ஊர்களைத் தொட்டது. தம் வாழ்வை அழித்தது தமக்கு வாசிக்கத் தெரியாத தாள்களே என்று அவர்கள் கருதினர் என்பதை, அவர்கள் எரித்த பொருள்களே காட்டுகின்றன.

விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் பின்னர் 1879-இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் பிறந்தது. பூனா, சதாரா, ஷோலாப்பூர், ஆமத்நகர் ஆகிய நான்கு ஜில்லாக்களுக்கு முதலில் ஏற்பட்ட அச்சட்டத்தில் இரண்டு புதுமைகள் இருந்தன. முதலாவது, பத்திரத்திற்குப் பின்னே சென்று, கடன் தொடங்கிய நாள்முதல் நடந்த கொடுக்கல் வாங்கல் முழுவதையும் நீதிமன்றம் ஆராயலாம். இரண்டாவது, விவசாயி எழுதிக் கொடுக்கும் பத்திரம் கிராமப் பதிவாளரின் மேற்பார்வையில் எழுதப்பட்டு, அவர் முன்னிலையிலேயே கையொப்பமாக வேண்டும். கடன் கொடுப்பவரின் திண்ணையிலிருந்து பொதுவான ஒருவரின் முன்னிலைக்குப் பத்திரம் இடம் மாறியதே இதன் சிறப்பு.

ஏறக்குறைய அதே காலத்தில் வேறொரு வழியாகவும் இச்சிந்தனை வளர்ந்தது. அந்நாளில் இந்திய வழக்குகளுக்கு இறுதி நீதிமன்றமாக விளங்கிய லண்டன் பிரிவி கவுன்சிலின் முன், கோஷாப் பெண்கள் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட சாசனங்கள் அடிக்கடி வந்தன. திரைக்குப் பின்னே இருப்பவருக்கு உலகியல் செய்தி எட்டுவது குறைவு. வருகின்ற செய்தியும் காரியஸ்தர் அல்லது உறவினர் வழியாகவே வருகிறது. பொதுவாக, கையெழுத்தை ஒப்புக்கொண்டவரே அதற்குக் கட்டுப்பட்டவர். இல்லை என்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். ஆனால் 1881-இல் தீர்ந்த வழக்கொன்றில் பிரிவி கவுன்சில் இம்முறையைத் திருப்பி அமைத்தது. கோஷாப் பெண் எழுதிக் கொடுத்த சாசனத்தையோ அதிகாரப் பத்திரத்தையோ நம்பி வழக்காடுபவர், அது அவருக்கு விளக்கிச் சொல்லப்பட்டது, அவரும் அதைப் புரிந்துகொண்டார் என்று தாமே நிரூபிக்க வேண்டும் என்று அது விதித்தது. சுமை பலவீனர் தோளிலிருந்து பலமுடையவர் தோளுக்கு மாறியது.

1925-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதன் அடிப்படையை இன்னும் தெளிவாக்கிற்று. கையொப்பமிடுதல் உடலின் செயல். அதைப் போலவே அச்சாசனம் மனத்தின் செயலாகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. திரை என்பது ஓர் அடையாளமே. அறிந்துகொள்ளும் வழி அடைபட்டிருப்பதே உண்மைக் காரணம் என்பதும் நாளடைவில் உணரப்பட்டது. எனவே எழுத்தறியாதோர், முதியோர், பார்வையற்றோர் ஆகியோருக்கும் இப்பாதுகாப்பு விரிந்தது. முதிர்ந்த வயதும், பார்வையின்மையும், எழுத்தறியாமையும் ஒருங்கே வாய்ந்த பழங்குடிப் பெண்மணி ஒருவரின் கிரயப் பத்திர வழக்கில், 1993-இல் நம் உச்ச நீதிமன்றம் இதே விதியைக் கைக்கொண்டது.

ஈட்டுப் பத்திரத்திற்கென்றே வேறு சில காவல்களும் உண்டு. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, அசல் 100 ரூபாயோ அதற்கு மேலோ ஆகும் அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும். சாட்சி என்பவர் எழுதிக் கொடுப்பவர் கையொப்பமிடுவதைக் கண்ணால் கண்டவராக இருத்தல் வேண்டும் என்று, சென்னை மாகாணத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 1912-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 1915-இல் வந்த மற்றொரு வழக்கில், இரண்டு கோஷாப் பெண்கள் திரைக்குப் பின்னிருந்து கையொப்பமிட்டிருந்தனர். சாட்சிகள் அவர்களுடைய முகத்தைக் காணவில்லை. முன்பே அறிமுகமான குரலைக் கேட்டார்கள், கை கையொப்பமிடுவதைக் கண்டார்கள். அது போதும் என்று முடிவாயிற்று. 1926-இல் செய்த திருத்தத்தினால், எழுதிக் கொடுத்தவரே சாட்சியிடம் தம் கையொப்பத்தை ஒப்புக்கொண்டாலும் போதுமென்று விதி தளர்ந்தது.

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும், 2001-இல் அதில் சேர்க்கப்பட்ட புகைப்படம், விரல் ரேகை ஆகிய ஏற்பாடுகளும் பொய்யாளர் ஒருவர் மற்றொருவராக நடிப்பதைத் தடுக்க உதவுகின்றன. ஆனால் இவை யாவும் முதற் கேள்விக்கான விடைகளே என்பதை நாம் கவனித்தல் வேண்டும். சார்பதிவாளர் "இதை எழுதிக் கொடுத்தவர் நீங்கள்தாமா?" என்று கேட்பார். "இதனால் உங்கள் வீடு ஏலத்துக்குப் போகக்கூடும் என்பதை அறிவீர்களா?" என்று கேட்கும் கடமையை அச்சட்டம் அவர்மேல் சுமத்தவில்லை.

அறியாமையைச் சொல்லும் ஒவ்வொருவருக்கும் வெற்றி கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் சட்டத்தோடு உறவுடைய ஆங்கிலச் சட்டத்தில், 1970-இல் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கு ஒன்று இதற்குச் சான்று. 78 வயதான ஒரு மூதாட்டி, மூக்குக்கண்ணாடி உடைந்திருந்த நிலையில், தம் வீட்டைச் சகோதரன் மகனுக்குத் தானமாகக் கொடுக்கும் பத்திரம் என்று நம்பிக் கையொப்பமிட்டார். உண்மையில் அது அம்மகனின் நண்பருக்கு வீட்டை மாற்றிக் கொடுக்கும் பத்திரம். நண்பர் அதைக் காட்டி வீட்டுக்கடன் சங்கத்தில் கடன் பெற்றார், திருப்பிக் கட்டவில்லை. மூதாட்டியின் வழக்கு தோற்றது. அவர் நினைத்த பத்திரத்துக்கும் இட்ட பத்திரத்துக்கும் அடிப்படை வேறுபாடு இல்லை என்றும், வஞ்சனை அறியாத கடன் சங்கத்தின்மேல் இழப்பைச் சுமத்த இயலாதென்றும் கருதப்பட்டது.

நம் உச்ச நீதிமன்றமும் 1968-இல் ஒரு வேறுபாட்டை எடுத்துக்காட்டியுள்ளது. பத்திரம் இன்ன வகையது என்பதிலேயே ஏமாற்றப்பட்டால் அப்பத்திரம் அடியோடு செல்லாது. வகையை அறிந்தும் உள்ளடக்கத்தில் மட்டும் ஏமாற்றப்பட்டால், அது தள்ளுபடி செய்யப்படும் வரையில் செல்லும். பின்னதைத் தள்ளுபடி செய்யக் கோருவதற்கு, உண்மை தெரிந்த நாள்முதல் மூன்றாண்டுகளே கெடு. ஆகவே, தெரிந்த பின்னும் வாளாவிருத்தல் உரிமையையே இழக்கச் செய்யும்.

இன்றைய வீட்டுக்கடனிலோ பழைய காவல்கள் சில தாமாக வந்து நிற்பதில்லை. நகரங்களில் வங்கிகள் பெரும்பாலும் மூலப் பத்திரங்களை ஒப்படைக்கச் செய்தே ஈடு பெறுகின்றன. இவ்வகை ஈட்டுக்கு இரண்டு சாட்சிகள் கட்டாயமில்லை. 2002-ஆம் ஆண்டுச் சர்ஃபேசி சட்டம், தவணை தவறி வாராக் கடனாகிவிட்ட நிலையில், 60 நாள் அறிவிப்புக்குப் பின் நீதிமன்றம் செல்லாமலே ஈட்டுச் சொத்தைக் கைக்கொள்ளும் அதிகாரத்தை வங்கிகளுக்கு அளித்தது. அச்சட்டத்தைப் பொதுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், கடன் கொடுத்தவரின் நடவடிக்கை மோசடியானது என்று குற்றஞ்சாட்டப்படும் நிலையில் சிவில் நீதிமன்றத்தின் வாயில் சிறிதளவு திறந்தே இருக்கும் என்று 2004-இல் கூறியது.

இந்நிலையில், ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை வரவேற்கத்தக்கது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து வழங்கும் தனிநபர் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்று தரப்பட வேண்டும். அது கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதன் உள்ளடக்கம் அவருக்கு விளக்கப்பட்டு, புரிந்துகொண்டதாக அவரிடம் ஒப்புதலும் பெறப்பட வேண்டும். 1881-இல் கோஷாப் பெண்ணுக்கு வழங்கிய பாதுகாப்பின் சாயலை இங்கே நாம் காண்கிறோம்.

ஆனால் அவ்வொப்புதலும் ஒரு கையொப்பமே அல்லவா? அரசாங்கத் தாள்களைத் தமிழாக்கும் பணியிலிருக்கும் நமக்கு ஒன்று நன்கு தெரியும்; மொழிபெயர்த்துவிட்டதனாலேயே ஒரு தாள் விளங்கிவிடுவதில்லை. "ஜாமீன்தாரர்", "இணைக் கடன்தாரர்", "ஈடு கொடுப்பவர்" ஆகிய மூன்று சொற்களும் தமிழில்தான் அச்சாகின்றன. மகனுக்காக ஒரு சொல் சொல்லுவதாக நினைக்கும் தாய்க்கு, இவற்றுள் ஒன்றன் கீழ் ரேகை வைத்தால் தன் வீடு என்னவாகும் என்பதை யாரேனும் வாயால் சொல்ல வேண்டும். அதுவும், அக்கடனால் பயன்பெறுகிறவர் அருகில் இல்லாதபொழுது சொல்ல வேண்டும்; அவரையே திருப்பிச் சொல்லச் செய்து கேட்கவும் வேண்டும். தக்காணத்துக் கிராமப் பதிவாளரும், பிரிவி கவுன்சிலின் விதியும் நமக்குக் கற்பிப்பது இதுவே.

அறியாத கடனுக்கு அறிவிப்பு வரப்பெற்றோர் கலங்கி அமர்ந்துவிடலாகாது. தம் ரேகை பதிந்த தாள்கள் அனைத்தின் நகல்களையும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். தம் மறுப்பை 60 நாள்களுக்குள் எழுதியனுப்பினால், வங்கி 15 நாள்களுக்குள் காரணத்துடன் பதிலளிக்கக் கடமைப்பட்டது. வங்கி சொத்தைக் கைக்கொள்ள நடவடிக்கை எடுத்தால், 45 நாள்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். பெண்களுக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி வழங்க 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்திருக்கிறது. மாவட்டந்தோறும் அதற்கான ஆணைக்குழு உண்டு. நேயர்கள் தம் அண்டை வீட்டு முதியவர்க்கு இச்செய்தியைச் சொல்லுவார்களாக. இனி அவர் கைநாட்டு வைக்குமுன் அத்தாளை அவருக்குப் படித்துக் காட்டுவார்களாயின், அது இன்னும் பெரிய உதவியாகும்.