யாழுக்கு ஒலி தந்த அடிகள்

பழைய இசையை அதற்குரிய பழைய கருவிகளிலேயே கேட்க வேண்டும் என்னும் இயக்கம் சென்ற நூற்றாண்டில் ஐரோப்பாவில் வேரூன்றியது. வியன்னாவில் நிக்கோலஸ் ஹார்னன்கோர்ட் 1953இல் தம் குழுவைத் தொடங்கி, பாக்கின் படைப்புகளைப் பாக் காலத்துக் கருவிகளில் நடத்திக் காட்டினார். அவருக்குப் பழைய கருவிகள் கிடைத்தன; இசைக்குறிப்புகளும் இருந்தன. அவருக்கு முன்பே அதே வேட்கையோடு உழைத்த சுவாமி விபுலாநந்தருக்கு இரண்டும் இல்லை. சங்ககால யாழ் ஒன்றுகூட எஞ்சவில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதை, அடியார்க்குநல்லார் உரை, சில சிற்பங்கள்: இவையே அவர் கைம்முதல்.

விபுலாநந்த அடிகள் 1892இல் கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்தவர். துறவு பூணுமுன் அறிவியல் ஆசிரியர். நம் பினாங்கு ஸ்காட்லாந்து சாலை ஆசிரமம் போற்றும் அதே இராமகிருஷ்ணர் மரபில் 1924இல் துறவியானார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். பதவிகளை இவ்வளவில் நிறுத்திக்கொள்ளலாம். அவர் பெருமை அவற்றில் இல்லை. உரையாசிரியர் சொற்களை இயற்பியல் கண்கொண்டு படித்து, நரம்பின் நீளத்தையும் சுர அளவையும் கணக்கிட்டாரே, அங்கேதான் இருக்கிறது. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரை சொல்வதைப் பாராட்டிவிட்டு நகர்ந்தவர் பலர். அந்த நரம்புகள் எப்படி ஒலித்திருக்கும் என்று கேட்டவர் அடிகள்.

விடை 'யாழ் நூல்' ஆயிற்று. நகரத்தார் குலத்துச் சிதம்பரம் செட்டியாரின் ஆதரவுடன், 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. ஆராய்ச்சிவழி உருவான யாழ்களை க.பொ. சிவானந்தம் பிள்ளை அங்கே இசைத்தார். ஏட்டில் உறங்கிய கருவி அவையோர் காதுக்கு எட்டியது. ஒன்றரை மாதத்தில், ஜூலை 19 அன்று, அடிகள் மறைந்தார். குழு அமைத்து ஊர் ஊராக வாசித்துக் காட்ட ஹார்னன்கோர்ட்டுக்குக் கிடைத்த பல பத்தாண்டுகள் அவருக்குக் கிட்டவில்லை; தமிழிசைக்கு அது பேரிழப்பு. அண்மையில் சென்னையில் இசைக்கருவிக் கைவினைஞர் தருண் சேகர் யாழ் செய்யத் தொடங்கியிருப்பது பெருமகிழ்ச்சி தருகிறது.

யாழ் நூலின் ஓர் இயல் முழுதும் தேவாரப் பண்களுக்கு உரியது. தண்ணீர்மலைக் கோயிலில் தேவாரம் பாடும் நம் பிள்ளைகளுக்குப் பண்ணின் வேர் எளிதாகவே புலப்படும். கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசிக்கட்டும். 'ஜி'யைக் குரலாக (முதற் சுரமாக) கொண்டு ஏழு சுரம் ஏறினால் செம்பாலை என்னும் பழைய சுர வரிசை, அதாவது இன்றைய அரிகாம்போதி இராகம். அதே கட்டைகளில் 'ஏ'யிலிருந்து ஏறினால் படுமலைப்பாலை, நடபைரவி. 'சி'யிலிருந்து அரும்பாலை, சங்கராபரணம். கீபோர்டின் சுருதி பழைய யாழின் சுருதியோடு நூலிழை ஒத்துப்போகாது. ஆனாலும் குரல் இடம் மாறப் பாலை மாறுவதைப் பத்து வயதுப் பிள்ளையும் காதாலேயே கண்டுகொள்ளும்.