கல் மிதந்த வழி

முண்டியம்பாக்கத்தை அடுத்துள்ள பனையபுரமே திருஞானசம்பந்தப் பெருமான் பாடியருளிய புறவார் பனங்காட்டூர். பனங்காட்டீசர் திருக்கோயிலை வலம்வரும் நாம் கற்சுவரைத் தொட்டு வணங்குகின்றோம். அக்கல் எவ்வழியே, எவர் கைப்பட்டு வந்தது என எண்ணிப் பார்க்கின்றோமா?

கல்லும் நீரும் கூடிய வரலாறு நம் நடுநாட்டிற்குப் புதியதன்று. கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளப்பெற்ற அப்பரடிகளை, ஐந்தெழுத்தின் அருளால் அக்கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூரில் கரைசேர்த்தது. பின்னர்ச் சைவம் சார்ந்த அப்பல்லவ மன்னனை முதலாம் மகேந்திரவர்மன் என அறிஞர் பலர் கருதுவர். அம்மகேந்திரவர்மன் விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இன்றிக் குன்றையே குடைந்து கோயிலாக்கினான். அங்கே கல் இடம்பெயரவில்லை; கோயிலே கல்லைத் தேடிச் சென்றது.

கல் கோயிலைத் தேடி வருவதாயின் வழி வேண்டும். அவ்வழியை நீரில் அமைத்தவர் காம்போச நாட்டினர். கி.பி. 802-இல் இரண்டாம் சயவர்மன் முடிசூடிய மகேந்திர பர்வதம் இன்று குலேன் மலை எனப்படுகின்றது. அம்மலைத் தொடரின் ஆற்றுப்படுகையில் எண்ணற்ற சிவலிங்கங்கள் செதுக்கப்பெற்றுள்ளன. ஓடும் நீரே அவற்றுக்குத் திருமுழுக்கு. அம்மலையடிவாரத்து மணற்கல்லே அங்கோர் நகரக் கோயில்களாயிற்று. 12-ஆம் நூற்றாண்டில் திருமாலுக்கு எடுத்த அங்கோர் வாட்டும் அக்கல்லாலானதே. கற்கள் தோன்லே சாப் ஏரி வழியாகச் சுமார் 90 கி.மீ. சுற்றி வந்தன என்றே முன்னர்க் கருதினர். சப்பான் நாட்டு வசேதா பல்கலைக்கழக ஆய்வாளர்களோ, கல் வெட்டிய ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களையும், அங்கோரை நோக்கிய பழங்கால்வாய்த் தடங்களையும் ஆராய்ந்து, நேர்வழி அதில் பாதிக்கும் குறைந்த தொலைவே என 2012-இல் வெளிப்படுத்தினர். கல்லைத் தூக்க மர முளை செருகிய துளைகளை அங்கே இன்றும் காணலாம்.

அப்பரடிகளின் கல் அருளால் மிதந்தது. காம்போசத்துக் கல் மக்கள் உழைப்பால் நீர்வழி வந்தது. மன்னர் பெயரைக் கல்வெட்டுகள் காத்தன. கால்வாய் தோண்டியவர் பெயரை எவரும் பொறிக்கவில்லை. அன்பினால் உழைத்தனரோ, ஆணைக்கு அஞ்சி உழைத்தனரோ, யாரறிவார்? நம் கோயிற் கற்களையும் அத்தகைய பெயரறியாக் கைகளே கொணர்ந்தன.

உழவாரம் ஏந்திய அப்பரடிகள் கையால் செய்யும் பணியே தொண்டு எனக் காட்டினார். ஆதலின், கோயிற் சுவரைத் தொடும்போது அக்கைகளையும் நினைந்து வணங்குவோமாக. நம்மூர் வாய்க்கால் தூர்ந்து கிடப்பின், அதனைத் தூர்வாருதலும் திருப்பணியே எனக் கொள்வோமாக.

திருச்சிற்றம்பலம்.