அழிந்த வீடும் ஓர் ஓநாய்க்குட்டியும்

அசைவூட்டத் திரைப்படம் சிறுவர்களுக்கான வேடிக்கை என்றே பலரும் கருதுவர். அக்கருத்தைப் பொய்ப்பித்த படைப்புகளுள் ஒன்று, 1979இல் சோவியத் ஒன்றியத்தில் உருவான 'கதைகளின் கதை'.

1941இல் பிறந்த அதன் இயக்குநர் யூரி நோர்ஸ்டைன், மொஸ்கோவின் மரீனா ரோஷா பகுதியில், பல குடும்பங்கள் கூடி வாழ்ந்த பழைய வீடொன்றில் வளர்ந்தவர். பிற்காலத்தில் அப்பகுதியின் மரவீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்தன. மறைந்துபோன அவ்வுலகை, எழுத்தாளர் லியுத்மிலா பெட்ருஷெவ்ஸ்காயாவுடன் சேர்ந்து எழுதிய அரைமணி நேரப் படத்தில் அவர் மீட்டெடுத்தார். வெட்டிய சித்திரத் துண்டுகளைக் கண்ணாடித் தட்டுகளில் வைத்து, அணுவணுவாக நகர்த்திப் படம்பிடித்தார்.

தாலாட்டில் வரும் சாம்பல்நிற ஓநாய்க்குட்டி வெறிச்சோடிய வீட்டில் அலைகிறது. விளக்கொளியில் ஆணும் பெண்ணும் இணைந்து நடனமாடுகின்றனர். திடீரென ஆண்கள் ஒவ்வொருவராக மறைகின்றனர். பெண்கள் தனித்து நிற்கின்றனர். பின்னர் போர்முனையிலிருந்து மரண அறிவித்தல்கள் பறந்து வருகின்றன.

நோர்ஸ்டைன் முதலில் சூட்டிய பெயர் அத்தாலாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அதிகாரிகள் அதனை மாற்றச் செய்தனர்; படத்தின் நினைவுகளை அவர்களால் மாற்ற முடியவில்லை. 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸில் நடந்த வாக்கெடுப்பொன்றில், உலகின் தலைசிறந்த அசைவூட்டப் படமாக அது தெரிவாகியது.

பழமை மீதான ஏக்கம் மனிதரை மயக்கும் என்பர். இப்படத்திலோ, திரும்பி வராதவர்கள் யார் என்பதை அது நமக்கு ஓயாமல் உணர்த்திக்கொண்டிருக்கிறது.