ஐதர் இன்னும் ஆறு திங்கள் வாழ்ந்திருந்தால்

பூவிருந்தவல்லியிலிருந்து திருப்பெரும்புதூர் வழியே காஞ்சிக்குச் செல்லும் சாலை படைகளுக்குப் பழக்கப்பட்ட சாலை. 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிக்கு அண்மையில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஐதர் அலி அழித்தார். காஞ்சியில் இருந்த ஹெக்டர் மன்றோ பெரும் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார்.

அந்த ஐதர், 1782 டிசம்பர் 7-ஆம் நாள், சித்தூருக்கு அருகே பாசறையிலேயே இராசபிளவை நோயால் மாண்டார். மைந்தர் திப்பு அப்போது மலையாளக் கரையில் இருந்தார். பூர்ணையா முதலிய அமைச்சர்கள் மரணத்தை மறைத்து, உடலைப் பெட்டியில் வைத்துப் பொக்கிஷம் அனுப்புவதுபோலக் கோலாருக்கு அனுப்பினர். இளைய மகனை அரியணையேற்ற நடந்த சூழ்ச்சியும் முளையிலேயே கிள்ளப்பட்டது. சென்னை ஆளுநர் மெக்கார்ட்னி உடனே படையெடுக்கத் தூண்டினார்; தளபதி ஸ்டூவர்ட்டோ அசையவில்லை. திப்பு வந்து சேர்ந்துவிட்டார்.

ஆகவே சாவினால் மைசூருக்குக் கேடு விளையவில்லை என்பார் உளர். 1945 பிப்ரவரியில் சோவியத் தளபதி செர்னியாகோவ்ஸ்கி 37 வயதில் களத்தில் மாண்டபோதும், வாசிலெவ்ஸ்கி பொறுப்பேற்று ஏப்ரலில் கோனிக்ஸ்பர்க்கைக் கைப்பற்றினார் அல்லவா? ஆனால் அங்கே மாற்றுத் தளபதிகள் பலர் இருந்தனர். மைசூரில் இருந்தவர் இருவரே, ஒருவர் மறைந்தார்.

இழப்பு மேற்கே தெரிந்தது. பெத்தனூரைக் காத்துவந்த அயாஸ் ஐதரின் அன்புக்குரியவர். திப்புவுக்கோ அவரைக் கண்டால் ஆகாது. 1783 சனவரியில் அயாஸ் அந்நாட்டை ஆங்கிலத் தளபதி மாத்யூஸிடம் ஒப்படைத்தார். ஐதர் இருந்திருந்தால் அவர் அஞ்சவேண்டியதில்லை. அப்படியும் ஆபத்து வந்திருந்தால், திப்பு மலையாளக் கரையிலிருந்தே திரும்பியிருக்கலாம். நடந்ததோ வேறு: கிழக்கே இருந்த திப்பு பெத்தனூரை மீட்க மேற்கே விரைய நேர்ந்தது. மார்ச்சு மாதம் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கடலூரில் இறங்கியபோது, அவரோடு கைகோக்க வேண்டிய பெரும்படையும் அதன் தலைவரும் அங்கே இல்லை.

மராட்டியரின் நானா பட்னவிஸும் சால்பை உடன்படிக்கைக்கு இசைவளிக்காமல் காலந்தாழ்த்திவந்து, ஐதரின் முடிவுக்குப் பின்னரே இசைந்தார்.

இத்தனையும் சேர்ந்தாலும் சென்னைக் கோட்டை வீழ்ந்திருக்கும் என்று நான் துணியமாட்டேன். கடலை ஆள்பவருக்குக் கோட்டையின் வாயில் எப்போதும் திறந்தே இருந்தது. மேலும், ஐரோப்பியச் சமாதானச் செய்தி சூன் இறுதியில் வந்ததும் புஸ்ஸி போரை நிறுத்திவிட்டார். ஐதருக்குக் கிடைத்திருக்கக்கூடியது நான்கு மாதம். அதற்குள் கடலூரை முற்றுகையிட வந்த ஸ்டூவர்ட்டின் படை பெய்லியின் படை பட்ட பாட்டைப் பட்டிருக்கும் என்பதே என் கருத்து. 1784 மார்ச்சு 11-ஆம் நாள் மங்களூரில் கையெழுத்தான உடன்படிக்கை, பிடித்த இடங்களை இருசாராரும் திருப்பித்தருவதோடு முடிந்தது. ஸ்டூவர்ட் தோற்றிருந்தால், ஆங்கிலேயர் கேட்ட விலையைக் கொடுத்தே அமைதியை வாங்கியிருப்பர்.